அடுக்களையில் விட்டுவந்த கேமரா

"டீச்சர், எது எடுத்தாலும் கலங்கலாத்தான் வருது" என்றார் ஆவுடையப்பன்.

அவருக்கு வயது ஐம்பத்து மூன்று. கோவில்பட்டியில் கல்யாண வீடியோ எடுப்பவர்.

டீச்சருக்கு முப்பத்தொன்று. பெயர் பிரகாசி. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரையில், முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கு அடியில் போய்வரச் சொல்லித்தருகிறாள்.

பிரகாசி கேமராவை வாங்கிப் பார்த்தாள். கரையோரப் பயிற்சியில் அவர் எடுத்த எட்டு நிமிடப் படம். எட்டு நிமிடமும் பழுப்பு.

"நல்லாத்தானே வந்திருக்கு, அண்ணாச்சி."

"என்னத்த நல்லா வந்திருக்கு? வெறும் சேறுல்லா தெரியுது."

"சேறு நல்லா வந்திருக்கு."

ஆவுடையப்பனுக்கு இது பாராட்டா, கிண்டலா என்று விளங்கவில்லை.

முப்பது வருஷமாக முகூர்த்தத்தையே நிறுத்திவைத்துப் படம் எடுத்தவர் அவர். தாலியைக் கையில் எடுத்த மாப்பிள்ளையை, "அப்படியே புடிங்க, இங்க பாருங்க, லேசா சிரிங்க" என்று அந்தரத்தில் நிறுத்துவார். ஐயர் முறைத்தாலும் கண்டுகொள்ளமாட்டார். அப்பேர்ப்பட்ட ஆளின் பேச்சைக் கடலுக்குள் ஒரு மீன்கூட மதிக்கவில்லை.

கரையிலிருந்து ஒரு மணி நேரப் படகுப் பயணத்தில், அறுபது அடி ஆழத்தில் ஒரு சரக்குக் கப்பல் கிடக்கிறது. மாலத்தீவுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போகும்போது புயலில் மூழ்கியது. பத்தொன்பது வருஷம் ஆகிறது.

அதில் ஒன்பது பேர் இருந்தார்கள். எட்டுப் பேர் கரை சேர்ந்தார்கள். சேராத ஒருவன் கப்பலின் சமையல்காரன், சிதம்பரநாதன்.

ஆவுடையப்பனின் தம்பி. அந்த வேலையை ஆள் பிடித்து வாங்கிக் கொடுத்தவரே ஆவுடையப்பன்தான்.

உடல் கிடைக்கவில்லை. அதனால் அவர் கருமாதி செய்யவில்லை. திதி கொடுக்கவில்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

இப்போது சிதம்பரநாதனின் மகனுக்கு வைகாசியில் கல்யாணம். பத்திரிகை அடிப்பவர் ஒரு கேள்வி கேட்டார். "மாப்பிள்ளையோட அப்பா பேருக்கு முன்னால என்ன போட? திருவா, தெய்வத்திருவா?"

சாதாரணக் கேள்விதான். ஆவுடையப்பன் பத்தொன்பது வருஷமாகத் தள்ளிவைத்த கேள்வியும் அதுதான்.

"பங்குனி முடியட்டும், சொல்லுதேன்" என்றார்.

தம்பி மனைவி பகவதியிடம் கேட்கலாம். கேட்க வாய் வரவில்லை. அவள் நெற்றியில் இன்னும் குங்குமம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கேட்பது?

ஆகவே அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கப்பலின் அடுக்களையைப் படம் எடுத்து வந்து அவளிடம் காட்டிவிடுவது. பார்த்துவிட்டு அவளே சொல்லட்டும்.

தை மாதம் பிரகாசியிடம் வந்து சேர்ந்தார். கிணற்று நீச்சல் தெரியும். கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. கடலை மிட்டாய் ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தார்.

சேற்றுப் படத்தைப் பார்த்த அன்று பிரகாசி அவருடைய கேமராவை அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

"நாளைக்கு நீச்சல் குளத்துக்கு வாங்க."

மறுநாள் சிலிண்டரோடு குளத்தின் அடியில் குப்புறப் படுக்கச் சொன்னாள்.

"படுத்து?"

"படுத்துக் கிடங்க."

"என்னத்தப் பாக்க?"

"கீழ என்ன இருக்கோ அதை."

கீழே நீல ஓடுகள் பதித்திருந்தார்கள். ஒரு மணி நேரம் கிடந்தார். மேலே வந்ததும் பெருமையாகச் சொன்னார்: "இருநூத்துப் பன்னெண்டு ஓடு, டீச்சர். அதுல ஏழு விரிசல்."

"எண்ணச் சொன்னேனா?"

"இல்ல."

"நாளைக்கும் வாங்க."

மறுநாள் எண்ணவில்லை. ஆனால் எண்ணக்கூடாது, எண்ணக்கூடாது என்று நினைத்துக்கொண்டே கிடந்தார். அவர் கால்கள் தம்பாட்டுக்கு ஆடின. மேலே வந்ததும் பிரகாசி அவர் காலைத்தான் பார்த்தாள்.

"நாளைக்கும் வாங்க."

இப்படிப் பத்து நாள் போனது. பத்தாம் நாள் அவர் குளத்தின் அடியில் தூங்கியே போனார். பிரகாசி தட்டி எழுப்பினாள்.

"தூங்கிட்டேன், டீச்சர். மன்னிச்சுக்கிடுங்க."

"நாளைக்குக் கப்பலுக்குப் போவோம்" என்றாள்.

தூங்கினதற்குப் பரிசா? கோவில்பட்டி பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை அதையே யோசித்தார். பிடிபடவில்லை.

கப்பல் ஒருபக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கிறது. அடுக்களை மேல்தளத்தில். அதன் கிழக்குச் சுவர் பெயர்ந்து விழுந்து, ஒரு லாரி நுழையும் அளவுக்குத் திறந்து கிடக்கிறது. அதனால்தான் பிரகாசி அவரை அங்கே கூட்டிப்போகவே சம்மதித்தாள். உள்ளே நாலு முழம். அதற்கு மேல் கிடையாது என்று சத்தியம் வாங்கியிருந்தாள்.

அவருடைய கேமரா அவர் கையில் இருந்தது. தண்ணீர் புகாத பெட்டிக்குள்.

சுவர் ஓரம் வந்ததும் பிரகாசி அவர் கால்களில் மாட்டியிருந்த துடுப்புகளைக் கழற்றித் தன் கையில் கோத்துக்கொண்டாள். துடுப்பில்லாமல் மூன்று வயதுப் பிள்ளைபோல் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனார்.

ஆனால் தண்ணீர் கலங்கவில்லை. சேறு சேறாகவே தரையில் கிடந்தது.

அடுக்களை தெரிந்தது. தட்டுமுட்டுச் சாமான்கள் வைக்கிற ஒரு பலகை. அடுப்பின் ஒரு மூலை. ஆவுடையப்பன் கேமராவை நேராகப் பிடித்தார்.

அப்போது கொட்ட ஆரம்பித்தது.

செம்பழுப்பாக, தவிட்டை மேலேயிருந்து தூவியதுபோல. முதலில் கொஞ்சம். பிறகு அறை முழுக்க. பலகை மறைந்தது. அடுப்பு மறைந்தது.

அவர் காலைப் பார்த்தார். கால் அசையவில்லை. கையைப் பார்த்தார். அதுவும் அசையவில்லை. யார் இதைச் செய்வது?

பிரகாசி விரலால் மேலே காட்டினாள்.

அவர் விட்ட மூச்சு, குமிழி குமிழியாக மேலே போய், கூரைத் தகட்டில் முட்டிக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருஷத்துத் துரு. குமிழி பட்ட இடமெல்லாம் பெயர்ந்து விழுந்தது.

சரி, என்று ஆவுடையப்பன் ஒரு முடிவுக்கு வந்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த கணம் பிரகாசியின் முஷ்டி அவர் மார்பில் விழுந்தது. ஒருமுறை, இருமுறை. மூன்றாம் முறை அவர் மூச்சை விட்டார். அவரை வெளியே இழுத்து, கயிற்றைப் பிடித்து மெல்ல மெல்ல மேலே கொண்டுவந்தாள்.

படகில் ஏறியதும் கத்தினாள்.

"முதல் நாள் என்ன சொன்னேன்?"

"மூச்சைப் பிடிக்கக்கூடாதுன்னு."

"பிடிச்சுக்கிட்டே ஒரு ஆள் உயரம் மேல வந்தா போதும், நுரையீரல் கிழிஞ்சிரும். உங்க வீட்டுல நான் என்ன பதில் சொல்ல?"

ஆவுடையப்பன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிடக் குழப்பமாக இருந்தது. பிறகு கேட்டார்.

"மூச்சை விட்டா துரு கொட்டுது. ஒண்ணும் தெரியல."

"ஆமா."

"மூச்சைப் பிடிச்சா செத்துருவேன்."

"ஆமா."

"அப்போ அந்த அறையை ஒரு மனுசன் எப்படித்தான் பாக்க?"

"ஆமா" என்றாள் பிரகாசி.

"என்ன டீச்சர் ஆமா? கேள்வி கேக்கேன்ல?"

"நல்ல கேள்வி. அதான் ஆமான்னேன்."

படகோட்டி சிரித்துவிட்டார். ஆவுடையப்பனுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் இரண்டு நாள் கடற்கரைப் பக்கமே வரவில்லை.

மூன்றாம் நாள் வந்தார். வேறு எங்கே போவது?

பிரகாசி சிலிண்டர்களுக்குக் காற்று நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"இந்தப் படம் யாருக்கு அண்ணாச்சி?"

"பகவதிக்கு. தம்பி பொண்டாட்டிக்கு."

"அவங்க கேட்டாங்களா?"

"அவ எப்படிக் கேப்பா, டீச்சர்? பொட்டை அழிக்கல. இன்னும் காத்துக்கிட்டிருக்கா. நான்தான் அனுப்பிவச்சேன். அவ முகத்தைப் பாக்கவே எனக்குத் தைரியம் கிடையாது. நான்தானே தேடிப் பாத்து ஒரு பதில் சொல்லணும்?"

சொல்லும்போது அழுதுவிட்டார். பெண்பிள்ளை முன்னால் அழுகிறோமே என்று வேறு கஷ்டப்பட்டார்.

பிரகாசி காற்று நிரம்பியிருக்கிறதா என்று முள்ளைப் பார்த்தாள். பிறகு, "கிளம்புங்க" என்றாள்.

மறுபடியும் அடுக்களை. மறுபடியும் துடுப்பைக் கழற்றி, நாலு முழம் உள்ளே போனார்கள். மறுபடியும் துரு கொட்டத் தொடங்கியது.

பிரகாசி அவர் கையிலிருந்த கேமராவைப் பிடுங்கினாள்.

அவர் விடவில்லை. பெண்வீட்டார், மாப்பிள்ளை வீட்டார் சண்டை நடுவில்கூடக் கேமராவைக் கைவிடாதவர். அவள் ஒவ்வொரு விரலாகப் பிரித்து வாங்கி, ஓடுகிற கேமராவைப் பெயர்ந்த சுவரின் ஓரத்தில் ஒரு கம்பியோடு கட்டி வைத்தாள். கண்ணாடி உள்பக்கம் பார்த்திருந்தது.

பிறகு அவர் தோளைப் பிடித்து வெளியே திருப்பினாள்.

படகுக்கு வந்ததும் ஆவுடையப்பன் பதறினார்.

"கேமரா உள்ள இருக்கு!"

"ஆமா."

"நான் இங்க இருக்கேன்!"

"ஆமா."

"யாரு எடுக்கா?"

பிரகாசி கடலை மிட்டாய்ப் பெட்டியைத் திறந்து அவர் பக்கம் நீட்டினாள். தானும் ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் படகிலேயே இருந்தார்கள். அடிக்கடி முக்குளித்தால் உடம்பு தாங்காது, இடைவெளி வேண்டும். ஆவுடையப்பன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா விழுந்திருக்குமோ, மீன் கடித்திருக்குமோ, பெட்டிக்குள் தண்ணீர் புகுந்திருக்குமோ. ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். வெயில் உச்சிக்கு வந்தது. சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் அவரே ஓய்ந்துவிட்டார்.

பிரகாசி தனியாக இறங்கிக் கேமராவை எடுத்துவந்தாள். அவர் பொத்தானைத் தட்டிப் படத்தைப் பார்க்கப் போனபோது பெட்டியைத் தன் உள்ளங்கையால் மூடினாள்.

"யாருக்கு எடுத்தீங்களோ, அவங்க பக்கத்துல உக்காந்து பாருங்க."

"நல்லா வந்திருக்கான்னு பாக்காம எப்படிம்மா குடுக்க? வெட்டி ஒட்டணும். பாட்டு சேக்கணும்."

"ஒண்ணும் சேக்காதீங்க. வேகமா ஓட்டிவிட்டும் பாக்காதீங்க."

"பாத்துட்டு உங்களுக்குப் போன் பண்ணவா?"

"எதுக்கு?" என்றாள் பிரகாசி. அவள் முகத்தைப் பார்த்தால் உண்மையிலேயே தெரியாமல் கேட்பதுபோல்தான் இருந்தது.

பகவதி வீட்டில் தையல் வேலை பார்ப்பவள். ஆவுடையப்பன் போனபோது ஒரு கல்யாண ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். மேஜையில் பத்திரிகையின் மாதிரித் தாள் இருந்தது. சிதம்பரநாதனின் பெயருக்கு முன்னால் வெற்றிடம் விட்டிருந்தார்கள்.

"இதைப் பாரு" என்று மட்டும் சொன்னார். மடிக்கணினியை வைத்தார். பக்கத்தில் உட்கார்ந்தார்.

தான் பார்க்காத ஒரு படத்தை அவர் அதுவரை யாருக்கும் காட்டியதில்லை. என்ன வரப்போகிறது என்று தெரியாததால் சொல்ல ஒன்றும் இல்லை.

முதலில் அவருடைய விரல்கள் பெரிது பெரிதாக வந்தன. பிரகாசியின் விரல்கள் அவற்றைப் பிரித்தன. பிறகு பழுப்பு.

ஐந்து நிமிடம் பழுப்பு. பத்து நிமிடம் பழுப்பு. ஆவுடையப்பனின் கை படத்தை வேகமாக ஓட்டிவிடப் போனது. பகவதி அந்தக் கையை நகர்த்திவைத்தாள்.

பதினாறாம் நிமிடம் பலகையின் விளிம்பு தெரிந்தது. பிறகு அடுப்பு. பிறகு கவிழ்ந்து கிடக்கும் ஒரு பெரிய பாத்திரம். பிறகு மூலை முடுக்கெல்லாம் தெரிந்தது. சூரியன் மேலே ஏற ஏற, திறந்த சுவர் வழியாக வெளிச்சம் தரையில் வந்து விழுந்தது. ஒரு களவா மீன் உள்ளே வந்து, கொஞ்ச நேரம் நின்று, திரும்பிப் போனது.

யாரும் இல்லை. ஓர் எலும்பு இல்லை, துணி இல்லை. அப்படி ஓர் அமைதியான அடுக்களையை அவர் கண்டதில்லை.

ஐம்பது நிமிடத்துக்கும் மேல் அப்படியே ஓடியது. இருவரும் பேசவில்லை. கேமராவின் பேட்டரி தீர்ந்து படம் தானாக நின்றது.

ஆவுடையப்பன் தன் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி வருமென்று நினைத்திருக்கவில்லை.

"பகவதி, உனக்கு என்னம்மா தோணுது?"

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"தோண என்ன இருக்கு, அத்தான்? அவுக அன்னைக்கே போயிட்டாக."

"அன்னைக்கேன்னா?"

"கப்பல் முழுகின அன்னைக்கு. கரை சேந்தவுகள்ல ஒருத்தர் முப்பதாம் நாள் இங்க வந்தாரு. அடுக்களைக் கதவு அடைச்சுக்கிட்டதைக் கண்ணால பாத்தேன்னு சொல்லி, இந்த இடத்துல உக்காந்து அழுதாரு."

ஆவுடையப்பன் அவள் நெற்றியைப் பார்த்தார்.

"பின்ன, இந்தப் பொட்டு?"

"பொட்டு நான் சின்னப் பிள்ளையில இருந்து வைக்கேன்."

"பத்தொன்பது வருசம், பகவதி. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். குரலில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது. அன்பும் இருந்தது.

"எத்தனையோ நாள் சொல்லப் பாத்தேன். நீங்க வாசல்ல செருப்பைக் கழட்டும்போதே, 'வந்துருவான் பகவதி, வந்துருவான்'னு சொல்லிக்கிட்டேதான் உள்ள வருவீங்க. போறவரைக்கும் அதையேதான் சொல்லுவீங்க. இன்னைக்குத்தான் அத்தான், வந்து ஒரு மணி நேரம் பேசாம உக்காந்திருக்கீங்க."

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டார்.

பகவதி பத்திரிகைத் தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"பேனா வச்சிருக்கீங்களா?" என்று கேட்டாள்.